புயல் சாய்த்த மரம், ரம்பம் பறித்த பொந்து

2016 டிசம்பர் 12ஆம் தேதி பிற்பகலில் வர்தா புயல் சென்னையில் கரையைக் கடந்தபோது, காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசியது. பொழுது சாய்வதற்குள் நகரத்தின் பசுமையில் பெரும்பங்கு தரையில் கிடந்தது. கிண்டி தேசியப் பூங்கா, அதை ஒட்டிய சிறுவர் பூங்கா, அடையாற்றங்கரைத் தோப்புகள், கல்லூரி வளாகங்கள், தெருவோர மரங்கள் எதுவும் தப்பவில்லை. வண்டலூர் உயிரியல் பூங்கா ஆயிரக்கணக்கான மரங்களை இழந்து, பார்வையாளர்களுக்குக் கதவை மூட வேண்டியதாயிற்று. மறுநாள் காலையிலிருந்து பல வாரங்களுக்கு நகரமெங்கும் கேட்டது மரம் அறுக்கும் இயந்திரங்களின் இரைச்சல்தான்.

சாலையை மறித்துக் கிடந்த மரங்களை அறுத்தே ஆக வேண்டும். ஆம்புலன்ஸ் போக வேண்டும், மின்சாரம் வர வேண்டும். அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் அதே வேகமும் அதே ரம்பமும் பூங்காக்களுக்குள்ளும் நுழைந்தன. யாருக்கும் இடைஞ்சலாக இல்லாத இடங்களில் விழுந்த மரங்களும், பாதி முறிந்து நின்ற மரங்களும், பட்டுப்போன கிளைகளும் சேர்ந்தே அகற்றப்பட்டன. புயலால் பறவைகளுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு முழுமையான விடை வேண்டுமானால், காற்று அடித்த சில மணி நேரத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அதற்குப் பின்வந்த வாரங்களில் நாம் செய்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மழை அழைத்து வரும் இரண்டு விருந்தாளிகள்

தமிழகக் கடலோரத்தில் புயலும் பறவைகளின் இனப்பெருக்கமும் ஒரே காலத்தில் வருவது தற்செயல் அல்ல. இரண்டையும் கொண்டுவருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் மழை தொடங்கி ஏரிகள் நிறையும்போது மீனும் தவளையும் நத்தையும் பெருகுகின்றன. அதை நம்பித்தான் கொக்குகளும் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டுகின்றன. வேடந்தாங்கலில் நவம்பர் முதல் மார்ச் வரை நடக்கும் பெருவிழா அதுதான். நீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் அரிவாள்மூக்கனும் நத்தைக்குத்தி நாரையும் வக்காவும் நீர்க்காகமும் அடுக்கடுக்காகக் குடியேறும். வங்கக் கடலில் புயல்கள் உருவாகி இந்தக் கரையை நோக்கி வருவதும் இதே அக்டோபர், நவம்பர், டிசம்பரில்தான். 2018 நவம்பரில் கஜா, 2020 நவம்பரில் நிவர், 2023 டிசம்பரில் மிக்ஜாம், 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் என்று அண்மைக்காலப் பட்டியலைப் பார்த்தாலே இது விளங்கும்.

ஆகவே புயலில் கூடு கலைவது இந்தப் பறவைகளுக்குப் புதிதல்ல. கொக்கின் கூட்டைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: குச்சிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்த ஒரு தட்டு, அவ்வளவுதான். சில சமயம் குச்சிகளின் இடைவெளியில் முட்டையின் வெளிர்நீலம்கூடத் தெரியும். பலத்த காற்றுக்கு அது தாங்காது. அதனாலேயே இந்தப் பறவைகளின் வாழ்க்கை முறையும் அதற்கேற்ப அமைந்திருக்கிறது. முட்டைப் பருவத்தில் கூடு போனால் பல இனங்கள் சில நாட்களிலேயே மறுபடி குச்சி பொறுக்கத் தொடங்கிவிடும். ஏரியில் தண்ணீரும் இரையும் இருக்கும்வரை இரண்டாவது முயற்சிக்கு இடம் உண்டு. குஞ்சுகள் ஓரளவு வளர்ந்த பிறகு புயல் வந்தால் அந்த ஆண்டின் குஞ்சுகள் போகும். தாய் தந்தையர் பிழைத்திருந்தால் அடுத்த பருவத்தில் ஈடு செய்துகொள்ளும். ஒரு பருவ இழப்பு வேதனையானது, ஆனால் மீளக்கூடியது.

வர்தா வந்த ஆண்டில் இன்னொரு கொடுமையும் சேர்ந்துகொண்டது. 2016இன் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் சராசரியைவிட 62 விழுக்காடு குறைந்து, மாநிலம் கடும் வறட்சியில் இருந்தது. புயல் ஒரு நாள் மழையைக் கொட்டிவிட்டுப் போனது. அதன் பிறகு வந்தது நீண்ட, காய்ந்த கோடை. இலையெல்லாம் உதிர்ந்து நின்ற மரங்கள் ஜனவரியில் அவசர அவசரமாகத் துளிர்த்தன. அந்தத் துளிரை வளர்க்க மண்ணில் ஈரம் இல்லை. புயலில் தப்பிய மரங்களுக்கும் சோதனை முடியவில்லை.

காற்று இரண்டு திசையிலிருந்து அடித்தது

ஒரே பூங்காவில் பக்கத்துப் பக்கத்து மரங்களில் ஒன்று விழுந்து ஒன்று நிற்பதைப் பார்த்துப் பலரும் வியந்தார்கள். காரணங்கள் உண்டு. புயலின் மையம் கிழக்கிலிருந்து நெருங்கும்போது வடக்குப் பக்கத்திலிருந்து காற்று அடிக்கும். மையம் நம் தலைக்கு மேலே வரும்போது சற்று நேரம் அமைதி நிலவும். மையம் மேற்கே நகர்ந்ததும் காற்று திரும்பித் தெற்குப் பக்கத்திலிருந்து மோதும். வர்தாவின் மையம் சென்னையைக் கடந்து போனதால் நகரம் இரண்டையும் அனுபவித்தது. முதல் காற்றில் வேர்ப்பிடி தளர்ந்தும் விழாமல் நின்ற பல மரங்கள் இரண்டாம் காற்றில் சாய்ந்தன.

அடுத்தது வேர். நகரத் தெருக்களிலும் பூங்கா நடைபாதைகளிலும் மரத்தைச் சுற்றிச் சிமெண்ட் பூசி, அடிமரத்தை ஒட்டி மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி, பக்கவேர்களை வெட்டிவிட்டிருக்கிறோம். வர்தாவில் வேரோடு பெயர்ந்து கிடந்த தூங்குமூஞ்சி மரங்களின் அடிப்பகுதியைப் பார்த்தால் இது கண்கூடாகத் தெரிந்தது: அத்தனை அகலமான குடைக்கு, ஒரு பக்கம் கத்தியால் நறுக்கியது போல் வெட்டுப்பட்ட மெல்லிய வேர்த்தட்டு. அதோடு, மின்கம்பிக்காக ஒரு பக்கக் கிளைகளை மட்டும் ஆண்டுதோறும் கழித்ததில் மரத்தின் பாரம் முழுவதும் மறுபக்கம் சாய்ந்திருந்தது.

தூங்குமூஞ்சி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. குல்மொகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. நிழலுக்கும் பூவுக்குமாக வரிசை வரிசையாக நட்ட இத்தகைய மரங்கள் வர்தாவில் பெருமளவில் விழுந்தன. வேம்பு, புங்கம், நாவல், பனை ஆகியவை ஒப்பீட்டளவில் நன்றாகத் தாக்குப்பிடித்தன. கிண்டியின் உள்ளே இருப்பது இந்தக் கரைக்கே உரிய உலர் பசுமைமாறாக் காடு. குட்டையாக, நெருக்கமாக, கெட்டியான மரங்களும் கொடிகளும் பின்னிப் பிணைந்து வளரும் காடு அது. நூற்றாண்டுகளாகக் கடற்காற்றோடு பழகிய வகை.

இதிலிருந்து வெளிநாட்டு மரங்களையெல்லாம் வெட்டிவிட வேண்டியதுதான் என்று சிலர் முடிவுக்கு வந்தார்கள். அது அவசர முடிவு. சென்னையில் வக்காக்களும் கொக்குகளும் கூட்டமாகக் கூடு கட்ட நாடும் மரங்களில் தூங்குமூஞ்சிக்கு முக்கிய இடம் உண்டு. பருந்துகளும் உயரமான, கவை விரிந்த மரங்களைத்தான் தேடுகின்றன. புதிதாக நடும்போது நாட்டு மரம் நடலாம். நட்டது வளர்ந்து குடை விரிக்கும்வரை இருக்கிற பெரிய மரத்தை, அது எந்த நாட்டிலிருந்து வந்திருந்தாலும், காப்பாற்றுவதுதான் பறவைக்குச் செய்யும் உதவி.

கிண்டிக்கு இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது. 1910இல் காப்புக் காடாக அறிவிக்கப்பட்டபோது இதன் பரப்பு 505 ஹெக்டேர். கல்வி நிறுவனங்களுக்கும் நினைவிடங்களுக்கும் துண்டு துண்டாகப் போனது போக, 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது மிஞ்சியது 270 ஹெக்டேர். சுற்றிலும் மாநகரம். பெரிய காட்டில் ஒரு பகுதி புயலில் அழிந்தால் பறவைகள் அடுத்த பள்ளத்தாக்குக்குப் போகும். கிண்டிப் பறவைக்கு அடுத்த பள்ளத்தாக்கு கிடையாது. மதில் தாண்டினால் ஒரு கல்லூரி வளாகத்து ஆலமரமோ தெருவோரத்து வேம்போதான் உண்டு. அவையும் அதே புயலில் அடிபட்டவை.

பொந்து என்னும் சொத்து

புயலில் மிகப் பாதுகாப்பான கூடு மரப்பொந்துதான். மழை உள்ளே வராது, காற்று அசைக்காது. ஆனால் மரமே முறிந்தால் பொந்துக்காரர்களின் நிலைதான் எல்லோரையும்விட மோசமாகிறது. குடைந்த இடத்தில் தண்டு மெலிந்திருப்பதால் பல மரங்கள் சரியாகப் பொந்து இருக்கும் இடத்திலேயே முறிகின்றன.

கொக்கு இழந்தது சில நாள் பாடுபட்டுச் சேர்க்கக்கூடிய குச்சிகளை. பொந்தில் வாழும் பறவை இழப்பது பல பத்தாண்டுகளில் உருவான வீட்டை. ஒரு வேப்பமரத்தில் இயற்கையாகப் பொந்து விழ வேண்டுமானால், மரம் தடித்து, ஒரு கிளை ஒடிந்து, ஒடிந்த இடத்தில் மழைநீர் இறங்கி, பூஞ்சை பிடித்து, உள்மரம் இற்றுப்போக வேண்டும். இதற்கு அவசரமே கிடையாது. மரங்கொத்தியும் குக்குறுவானும் இந்தக் காத்திருப்பைச் சுருக்கித் தருகின்றன. கிண்டியைச் சுற்றிய தோட்டங்களில் எளிதாகப் பார்க்கக் கிடைக்கும் செம்மார்புக் குக்குறுவானை எடுத்துக்கொள்வோம். சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிய பறவை. அது உயிருள்ள கெட்டி மரத்தைத் தொடாது. பட்டுப்போய் மென்மையான ஒரு கிளையைத் தேடிப் பிடித்து, அதன் அடிப்பக்கத்தில் மழை இறங்காதபடி ஒரு வட்டம் வரைந்து, கொத்தத் தொடங்கும். முதலில் தலை மட்டும் மறையும். சில நாட்களில் வால் மட்டும் வெளியே தெரியும். பிறகு முழுப் பறவையும் உள்ளே போய், அலகு நிறையத் தூளோடு திரும்பி வந்து உதறிவிட்டு மீண்டும் உள்ளே போகும். கிளைக்குக் கீழே தரையில் மெல்லிய மரத்தூள் படிந்திருக்கும். பூங்காத் தோட்டக்காரர் ‘காய்ந்த கொம்பு’ என்று வெட்டித் தள்ளுவது பெரும்பாலும் இந்தக் கிளையைத்தான்.

குக்குறுவானும் பொன்முதுகு மரங்கொத்தியும் குடைந்து, குஞ்சு பொரித்துவிட்டு விட்டுப்போன பொந்துகளும், தானாக விழுந்த பொந்துகளும்தான் மற்றவர்களுக்கு வீடு. மைனா, பச்சைக்கிளி, புள்ளி ஆந்தை, குண்டுக்கரிச்சான், கொண்டலாத்தி ஆகிய எதற்கும் மரத்தைக் குடையத் தெரியாது. கிளி வாசலைக் கொறித்து அகலமாக்கிக்கொள்ளும், அவ்வளவே. தலை முறிந்து நிற்கும் மொட்டைப் பனையின் உள்கூட்டில் பனங்காடை குடியிருக்கும். உயிருள்ள பனையின் தொங்கும் காய்ந்த ஓலையில் பனை உழவாரன் இறகையும் நாரையும் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டும். காய்ந்த ஓலையையும் மொட்டை மரத்தையும் ‘அழகுபடுத்தும்’ பணியில் அகற்றிவிட்டால் இவை இரண்டும் அந்த இடத்தை விட்டுப் போய்விடும்.

வர்தா வந்த நேரத்தைக் கவனிக்க வேண்டும். டிசம்பர் மாதம் பச்சைக்கிளிகள் ஜோடி சேர்ந்து பொந்து தேடத் தொடங்கும் காலம். செம்பருந்தும் கரும்பருந்தும் உயர்ந்த மரங்களில் குச்சி சேர்க்கும் காலமும் அதுவே. தை பிறந்தால் குக்குறுவான் கொத்தத் தொடங்கிவிடும். மாசி, பங்குனியில் புள்ளி ஆந்தை முட்டையிடும். ஆக, வர்தா அன்று பொந்துகளில் குஞ்சுகள் அவ்வளவாக இல்லை. அதனால் செத்த குஞ்சுகளின் எண்ணிக்கை பெரிதாகத் தெரியவில்லை. இழப்பும் குறைவு என்ற எண்ணம் பரவியது. உண்மையில் ஒரு பருவம் தொடங்கும் தறுவாயில் வீடுகள் மட்டும் பறிபோயின.

இதற்குப் பிறகு நடப்பது கண்ணுக்கு எளிதில் புலப்படாது. பத்து ஜோடிகள் இருந்த இடத்தில் நாலு பொந்துகள் மிஞ்சினால், வலுவுள்ள நாலு ஜோடிகள் அவற்றைப் பிடித்துக்கொள்ளும். மீதி ஜோடிகள் அந்த ஆண்டு முட்டையே இடாது. ஆனால் அவை செத்துப்போகவில்லை. காலையில் கூட்டமாகக் கத்திக்கொண்டு பறக்கும். மாலையில் வழக்கமான மரத்தில் அடையும். பார்க்கிறவர்களுக்கு ‘கிளிகள் நிறைய இருக்கின்றன’ என்று தோன்றும். கிளி பல ஆண்டுகள் வாழும் பறவை. ஆகவே குஞ்சு இல்லாத ஆண்டுகளின் விளைவு, கிழப்பறவைகள் ஒவ்வொன்றாக மறையும்போதுதான் வெளியே தெரியும். அப்போது அதைப் புயலோடு சேர்த்துப் பார்க்க யாருக்கும் நினைவிருக்காது.

இந்த இழப்பை அளந்து, ஈடும் செய்த ஒரு சம்பவம் அமெரிக்காவின் தெற்குக் கரோலினாவில் நடந்தது. 1989 செப்டம்பரில் ஹியூகோ சூறாவளி அங்குள்ள ஃபிரான்சிஸ் மேரியன் காட்டைத் தாக்கியது. முதிய பைன் மரங்களில் மட்டுமே பொந்து குடையும் ஒரு மரங்கொத்தி இனம் அங்கே செழிப்பாக வாழ்ந்து வந்தது. உயிருள்ள மரத்தில் குடைவதால் ஒரு பொந்தை முடிக்க அதற்குப் பல ஆண்டுகள்கூட ஆகும். ஒரே இரவில் அந்தப் பறவைகளில் 63 விழுக்காடு மாண்டன; பொந்து மரங்களில் 87 விழுக்காடு முறிந்தன. பிழைத்த பறவைகளுக்கு இரவில் அடையக்கூட இடமில்லை. மரம் முதிரும்வரை காத்திருந்தால் இனமே மிஞ்சாது என்பதை உணர்ந்த வனத்துறையினர், தப்பி நின்ற பைன் மரங்களில் துளை போட்டும், மரத்தண்டைச் செதுக்கி அதற்குள் பெட்டியைப் பொருத்தியும் நூற்றுக்கணக்கான செயற்கைப் பொந்துகளை உருவாக்கினார்கள். பறவைகள் அவற்றை ஏற்றுக்கொண்டன. எண்ணிக்கை படிப்படியாக மீண்டது. அந்த முறை பின்னர் பிற மாநிலங்களுக்கும் பரவி, அந்த மரங்கொத்தியின் அபாயநிலை 2024இல் ஒரு படி குறைத்து அறிவிக்கப்பட்டதற்கு ஒரு முக்கியக் காரணமாயிற்று.

நம் பறவைகள் அந்த அளவுக்கு அருகியவை அல்ல. ஆனால் பாடம் நமக்கும் பொருந்துகிறது: புயலுக்குப் பிறகு மரக்கன்றுகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் போதாது. இன்று நடும் கன்று பொந்து தரும் காலத்தில் இன்றைய கிளியின் பேரக்குஞ்சுகளும் இருக்காது. ‘ஒன்று விழுந்தால் பத்து நடுவோம்’ என்ற அறிவிப்பைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது. நடுவது நல்ல காரியம். நட்டுவிட்டதால் இழந்தது திரும்பிவிட்டது என்று கணக்கை முடித்துக்கொள்வதுதான் தவறு.

ஒரு மதில், இரண்டு விதிகள்

விழுந்த மரம் பூங்காவுக்குக் குப்பை என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. காட்டில் அப்படி எதுவும் கிடையாது. சாய்ந்து கிடக்கும் தண்டில் முதலில் வண்டுகள் முட்டையிடும், கறையான் ஏறும், காளான் பூக்கும். மரங்கொத்தி தரையில் இறங்கி அந்தப் புழுக்களைத் தின்னும். கொண்டலாத்தி நீண்ட அலகால் இற்றுப்போன ஓரங்களைக் கிளறும். அரணைக்கும் ஓணானுக்கும் அது புகலிடம். சாய்ந்த மரத்தின் கிளைச் செறிவுக்குள் விழும் விதைகள் மான் வாய்க்கு எட்டாமல் முளைக்கும். கிண்டியில் இது மிக முக்கியம். மதிலுக்குள் அடைபட்ட இடத்தில் புள்ளிமான்கள் இளங்கன்றுகளை மேய்ந்துவிடுவதால் காடு தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்ளத் திணறுகிறது. முள்வேலி போடாமலேயே கிடைக்கும் வேலி, விழுந்த மரம்.

சட்டமும் இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. 2000 பிப்ரவரி 14 அன்று, காடுகளைக் காப்பது தொடர்பான கோதவர்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் இறந்த, நோயுற்ற, காற்றில் விழுந்த மரங்களையும் புல்லையும்கூட அகற்ற உத்தரவிடக் கூடாது என்று மாநில அரசுகளைத் தடுத்தது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும், தேசியப் பூங்காவிலிருந்து எதையும் அகற்றுவதாக இருந்தால் அது அங்குள்ள உயிரினங்களின் நலனுக்காகவே இருக்க வேண்டும் என்கிறது. அதே சட்டம், பாதுகாக்கப்பட்ட பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதையும் கூட்டைக் கலைப்பதையும் ‘வேட்டை’ என்ற வரையறைக்குள் வைத்திருக்கிறது.

ஆக, கிண்டி தேசியப் பூங்காவின் மதிலுக்கு உள்ளே விழுந்த மரத்துக்கு நீதிமன்றத்தின் பாதுகாப்பு உண்டு. அதே மதிலுக்கு வெளியே, மாநகராட்சிப் பூங்காவிலோ கல்லூரி வளாகத்திலோ விழுந்த மரம் டன் கணக்கில் எடை போடப்பட்டு லாரியில் ஏறும். பறவைக்கு இந்த மதில் தெரியாது. உள்ளே இரை தேடி வெளியே கூடு கட்டும். வெளியே அடைந்து உள்ளே பழம் தின்னும். கிண்டி போன்ற சிறிய பூங்காவின் பறவைகள் உண்மையில் சுற்றியுள்ள நகரத்தின் மரங்களையும் சேர்த்துத்தான் வாழ்கின்றன. அங்கே விழும் மரங்களுக்கு இப்படியொரு பாதுகாப்பு இல்லாதது பெரிய குறை.

பூங்காவுக்கு வெளியே எல்லா மரத்தையும் விழுந்தபடியே விட்டுவிட முடியாதுதான். குழந்தைகள் விளையாடும் இடம், நடைபாதை, மின்கம்பி அருகே என்றால் அகற்றுவதே முறை. ஆனால் எந்தப் பூங்காவிலும் மூலை முடுக்குகள் உண்டு. அங்கே ஒரு தண்டைக் கிடக்க விடலாம். தலை முறிந்து நிற்கும் மரத்தை அடியோடு அறுக்காமல், விழும் அபாயமில்லாத உயரத்துக்குக் குறைத்து நிறுத்தினால் பத்துப் பதினைந்து அடியில் ஒரு கட்டை நிற்கும். குக்குறுவானுக்கு அது போதும். சாய்ந்த மரத்தை வேரை மூடி நிமிர்த்தி நட்டுப் பிழைக்க வைத்த முயற்சிகளும் வர்தாவுக்குப் பிறகு சென்னையில் நடந்தன. இளமரங்களில் இது பலன் தரும். பெரிய மரம் முற்றிலும் வீழ்ந்த பிறகும் உயிர் விடாமல் நிற்பதற்கு அடையாறு ஆலமரமே சாட்சி. 1989இல் காற்றில் அதன் தாய்மரம் சாய்ந்தது. ஊன்றி நின்ற விழுதுகள் இன்றும் ஒரு தோப்பாக நிற்கின்றன.

காடு திறந்த இடத்தில்

புயலை முழுக்கத் தீமையாக மட்டும் சித்தரிப்பதும் சரியல்ல. மரம் விழுந்த இடத்தில் வெயில் இறங்குகிறது. திறந்த வெளியை விரும்பும் பஞ்சுருட்டானும் கரிச்சானும் அங்கே பூச்சி பிடிக்க வரும். கிண்டியின் அடையாளமான வெளிமானுக்குப் புல்வெளிதான் வேண்டும்; அடர்ந்த மரநிழல் அதற்கு உதவாது. ஆனால் அதே வெயிலில் முதலில் தலைதூக்குவது உண்ணிச்செடியும் சீமைக்கருவேலும். முதல் இரண்டு மழைக்காலங்களில் அவற்றைப் பிடுங்காமல் விட்டால் நாட்டு மரங்களுக்கு மறுபடி இடம் கிடைப்பது கடினம். புயலுக்குப் பிறகு பூங்காவில் ஆள்பலம் செலவிட வேண்டிய வேலை இது. தண்டுகளை இழுத்து வெளியேற்றுவது இதற்கு அடுத்ததுதான்.

உணவையும் மறக்கக் கூடாது. ஆல், அரசு, அத்தி, நாவல் என்று பழம் தரும் மரங்கள் இலையும் காயும் உதிர்ந்து மொட்டையாக நின்ற வாரங்களில் குயிலும் குக்குறுவானும் பட்டிருக்கும் பாட்டை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. உலகின் பல தீவுகளில் சூறாவளிகளுக்குப் பின் நடந்த கவனிப்புகள் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன: காற்று நேரடியாகக் கொல்வதைவிட, அதன் பிறகு வரும் பட்டினி பழந்தின்னிகளையும் தேன் குடிக்கும் பறவைகளையும் கடுமையாகத் தாக்குகிறது. வீட்டுத் தோட்டத்தில் நிற்கும் ஒரு பப்பாளியையோ கொய்யாவையோ அந்த வாரங்களில் பறிக்காமல் விடுவது எளிய உதவி.

அறுக்கும் முன் பார்க்க வேண்டியது

மரம் அறுக்க வருகிறவர்களைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. எத்தனை டன் அகற்றினோம் என்பதுதான் அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி. ரம்பத்தை வைப்பதற்கு முன் தண்டைச் சுற்றி ஒரு முறை நடந்து, துளை இருக்கிறதா, துளையின் விளிம்பு புதிதாகக் கொறிக்கப்பட்டிருக்கிறதா, கீழே எச்சமோ மரத்தூளோ கிடக்கிறதா என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தால் அவர்கள் பார்ப்பார்கள். தண்டைத் தட்டினால் உள்ளே இருக்கும் குஞ்சுகள் கத்தக்கூடும். துளையுள்ள பகுதியை மட்டும் இரண்டு மூன்று அடித் துண்டாக அறுத்து எடுத்து, இரு முனைகளையும் பலகையால் மூடி, பக்கத்தில் நிற்கும் மரத்தில் கயிற்றால் கட்டிவிடலாம். வெளியே செய்து வாங்கும் கூட்டுப்பெட்டியைவிட இது நல்ல பெட்டி, செலவும் இல்லை. தகரப் பெட்டி மட்டும் கூடாது. சென்னை வெயிலில் அது குஞ்சுகளை வேகவைத்துவிடும். வாசல் மழைச்சாரல் அடிக்கும் பக்கம் பார்க்கக் கூடாது.

புயலுக்குப் பிறகு கீழே விழுந்து கிடக்கும் குஞ்சை மனிதர் தொட்டால் தாய் சேர்க்காது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது உண்மை அல்ல. காயம் இல்லாத குஞ்சை ஒரு சிறிய கூடையில் காய்ந்த புல் பரப்பி வைத்து, விழுந்த இடத்துக்கு அருகிலேயே பூனை எட்டாத கிளையில் கட்டினால், பெரும்பாலும் பெற்றோர் குரல் கேட்டு வந்து ஊட்டத் தொடங்கும். அடிபட்டிருந்தால் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும். கிளிக்குஞ்சை வீட்டில் கூண்டில் வளர்ப்பது சட்டப்படி குற்றம். புயலுக்குப் பின் அப்படிக் கிடைத்த குஞ்சுகள் சந்தைக்குப் போய்விடும் அபாயமும் உண்டு.

இவற்றில் பெரும்பகுதியைப் புயல் வந்த பிறகு தொடங்கினால் நேரம் போதாது. மழைக்காலத்துக்கு முன்பாக, ஆகஸ்ட், செப்டம்பரில் மாநகராட்சி கிளை கழிக்கிறது. பொந்தில் வாழும் பறவைகளில் பெரும்பாலானவை குஞ்சுகளை வெளியேற்றி முடித்திருக்கும் காலம் அது. அதே சுற்றில் பூங்காவுக்கு ஒருவர், கையில் வண்ணப்பூச்சோடு போனால், பொந்துள்ள மரங்களையும் அபாயமில்லாத பட்ட கிளைகளையும் அடிமரத்தில் ஒரு பட்டை தீட்டி அடையாளப்படுத்திவிடலாம். பறவை பார்ப்பவர்களின் குழுக்கள் சென்னையில் பல இருக்கின்றன. எந்தப் பூங்காவில் எந்த மரத்தில் புள்ளி ஆந்தை உட்காரும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். அந்தத் தகவல் அவர்களுடைய குறிப்பேட்டிலேயே நின்றுவிடாமல், மரம் அறுக்கும் ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் வேலைத்தாளில் ஏற வேண்டும். அடையாளமிட்ட மரம் புயலில் முறிந்தால் அதைக் கடைசியாக அறுக்கவும், துளைப்பகுதியைத் தனியே எடுத்து வைக்கவும் அந்தத் தாளில் ஒரு வரி எழுதினால் போதும்.